எல்லோரும் இறங்கிய பிறகு

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் பிள்ளைகளைப் பார்ப்பதெல்லாம் தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில்தான். சின்ன வகுப்பில் சேரும்போது இருக்கை மட்டும் தெரியும், ஆள் தெரியாது. ஒரு வருஷம் போனால் உச்சந்தலை எட்டிப் பார்க்கும். பிறகு நெற்றி, பிறகு கண். முழு முகமும் தெரிகிற காலத்தில் அந்தப் பிள்ளை டிரைவர் அங்கிளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தியிருக்கும். இது பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகிப்போன விஷயம். ஊரார் பிள்ளை வளர்ந்தால் யாருக்கு என்ன? சொந்த மகளின் தலை அந்தக் கண்ணாடிக்குள் ஏறி வந்தபோதுதான் இன்னும் எத்தனை வருஷம் என்று அவர் எண்ண ஆரம்பித்தார்.

மகளுக்கு வீட்டில் சில்லு என்று பெயர். குறைமாதத்தில் பிறந்தவள். ‘இதென்ன, தேங்காய்ச் சில்லு மாதிரி இருக்கு’ என்று கையில் வாங்கிய அத்தை சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஊழியர் பிள்ளை என்பதால் அவர் வேலை பார்க்கும் பள்ளியிலேயே இடம் கிடைத்தது. ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் இருக்கை அவளுடையது. பக்கத்தில் மைனா.

மைனா அடுத்த தெருப் பெண். அப்பா இல்லை. அம்மா ஒரு பல் மருத்துவரிடம் உதவிக்கு இருந்தாள். அந்தப் பெண் ஏறினால் இறங்கும்வரை வாய் ஓயாது. பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ்ஸக்காதான் அவளுக்கு மைனா என்று பெயர் வைத்தாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் அவரை அங்கிள் என்பார்கள். மைனா மட்டும் மாமா என்பாள். “மாமா, ஏன் எல்லா வண்டிக்கும் வழி விடுறீங்க? நாமதானே பெருசு?” என்று ஒருநாள் அவள் கேட்டதை அவர் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வருஷம் நீண்ட விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. மைனாவின் நிறுத்தத்தில் யாரோ புதிய பெண் நிற்பதாக நினைத்துத்தான் அவர் வண்டியை நிறுத்தினார். ஏறிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ஒரு சாண் உயர்ந்திருந்தாள். கன்னத்திலும் நெற்றியிலும் பரு. சட்டை தோளில் பிடித்தது. உடம்பு அவளுக்கு முன்னால் ஓடிப்போய்விட, பிள்ளை பின்னாலிருந்து அதை எட்டிப் பிடிக்கப் பார்ப்பதுபோல இருந்தது. முதுகில் மாட்டவேண்டிய பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்தபடி வந்து உட்கார்ந்தாள். அன்று பள்ளி போய்ச் சேரும்வரை அவள் பேசியது இரண்டு வாக்கியம் இருந்தால் அதிகம்.

சில்லுவுக்கு உடம்பில் எதுவும் மாறியிருக்கவில்லை. அதே குச்சிக் கை, அதே குச்சிக் கால். மாற்றமெல்லாம் தலைக்குள். பேச்சு வந்த நாளிலிருந்து அப்பாவை நீ, வா, போ என்றுதான் சொல்லுவாள். விடுமுறையில் ஏதோ ஒரு நாள் அது ‘நீங்க’ ஆகிவிட்டது. பிள்ளைக்கு மரியாதை வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். அவருக்கு மட்டும் யாரோ நாற்காலியை இழுத்துக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதுபோல இருந்தது.

அதோடு கேள்வி கேட்கவும் ஆரம்பித்தாள். முன்பும் கேட்டாள்தான், ஆனால் அப்போது பதில் சொன்னால் நம்புவாள். இப்போது பதிலை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். வண்டி தாமதமானதற்கு அவரைத் திட்டிய ஒரு பெற்றோரிடம் அவர் சரிங்க சார், சரிங்க சார் என்றதை எதற்கு என்று கேட்டாள். மரியாதைக்காக என்றார். “மரியாதைன்னா நம்மள திட்டாதவங்ககிட்டயும் அதே மாதிரி பேசணும்ல? காய்கறிக்காரர்கிட்ட நீங்க அப்படிப் பேசலயே” என்றாள். அவர் இதை மனைவியிடம் சொன்னார். மனைவி ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாளெல்லாம் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு இதையெல்லாம் துருவிப் பார்க்கத் தெம்பில்லை. அந்த வயசு அப்படித்தான், விட்டுப் பிடிக்கணும் என்றாள். விட்டாயிற்று. எப்போது பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

பள்ளி திறந்து கொஞ்ச நாளிலேயே சில்லு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

கடைசி வரிசைக்கு ஒரு தலைவி இருந்தாள். யார் எங்கே உட்கார வேண்டும், யாரோடு யார் பேசலாம், எந்த மாதிரிச் சடை இந்த வாரம் செல்லும் என்பதெல்லாம் அவள் தீர்மானிப்பது. பஸ்ஸக்கா அவளை மேனேஜரம்மா என்பாள். மேனேஜரம்மா ஒருநாள் சில்லுவைப் பார்த்து விரலை அசைத்தாள், அவ்வளவுதான். மைனா நகர்ந்து வழிவிட்டாள். சில்லு பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். முதல் இருக்கையில் மைனா தனியாக, சன்னலோரம்.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இன்றைக்கு ஒட்டும், நாளைக்கு வெட்டும். ஒருநாள் வெயில் கொளுத்தியபோது பின்னாலிருந்து, “அங்கிள், ஏசி கொஞ்சம் கூட்டுங்க” என்று ஒரு குரல். கூட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். சொன்னது சில்லு. அவளும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அடுத்த நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு, பஸ்ஸக்கா கத்திய பிறகு வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

பிறகு அந்தச் சொல் வந்தது. ஆன்ட்டி. மைனா ஏறும்போது பின்னாலிருந்து ஒரு குரல், “ஆன்ட்டிக்கு வழி விடுங்கப்பா” என்னும். ஒரு சிரிப்பு அலை எழும். வெயில் காலம், எல்லோருக்கும்தான் வியர்க்கிறது. ஆனால் மைனா கடந்து போனால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பஸ்ஸக்காவிடம் சொன்னார். பஸ்ஸக்கா பின்னால் போய் நாலு வார்த்தை கேட்டாள். மறுநாளிலிருந்து சத்தமே இல்லை. மைனா ஏறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய மனுஷிக்கு எழுந்து நிற்பதுபோல எழுந்து நின்று, பவ்யமாக உட்கார்ந்தார்கள். இதை எந்தச் சட்டத்தில் குற்றம் என்று சொல்வது? “நாங்க மரியாதைதான் குடுக்குறோம்க்கா” என்றாள் மேனேஜரம்மா. எழுந்து நின்றவர்களில் சில்லுவும் உண்டு. கொஞ்சம் தாமதமாக எழுந்தாள், கொஞ்சம் சீக்கிரமாக உட்கார்ந்தாள். ஆனால் எழுந்தாள்.

வீட்டில் அவளை உட்கார வைத்துக் கேட்டார். மைனா உனக்கு என்ன செய்தாள் என்று ஆரம்பித்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பதுவரை சொல்லிப் பார்த்தார். அவள் நகத்தைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மைனா தனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றாள், தானும் அவளை ஒன்றும் சொல்லவில்லை என்றாள். சிரிக்கிறாயே என்றார். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டாள்.

“நீங்க எங்கள வாசல்ல இறக்கிவிட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிடுவீங்க” என்றாள். “உள்ள நாள் முழுக்க நான்தான் இருக்கணும்.”

பொய் சொல்லியிருந்தால் கண்டித்திருக்கலாம். அவள் சொன்னதோ உண்மை.

அந்த நாள் மழையோடு விடிந்தது. பஸ்ஸக்காவின் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் வரவில்லை. ஒருநாள்தானே, சமாளியுங்கள் என்று போக்குவரத்துப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். அவரே ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, சின்னப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றி, குடைகளை மடக்கி ஓரமாக வைத்து, நனைந்த கோழியாக மறுபடி ஓட்டுநர் இருக்கைக்கு வந்தார்.

பள்ளி வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல முட்டி மோதி இறங்கினார்கள். கடைசி வரிசை எப்போதும் கடைசியாகத்தான் இறங்கும். முதல் இருக்கையில் மைனா எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். ஏதோ மறந்துவிட்டாள்போல என்று நினைத்தார். பின்வரிசைப் பெண்கள் அவளைக் கடந்தார்கள். மேனேஜரம்மா நின்று ஒருகணம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அது ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போய், வண்டிக்குள் ஒரு மூச்சுச் சிரிப்பாகப் பரவியது.

கடைசியாகச் சில்லு வந்தாள். மைனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வாய் ஓயாத பெண்ணுக்கு அன்று பார்வை மட்டும்தான் இருந்தது. சில்லு நின்றாள். வெளியே மழையில் யாரோ சில்லுவின் பள்ளிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் படியில் இறங்கி ஓடிப்போனாள்.

அவருக்கு அப்போதும் புரியவில்லை. “என்னம்மா, உடம்புக்கு முடியலயா?” என்று எழுந்து அருகே போனார். அப்போதுதான் இருக்கையின் வெளிர்நீல உறையில் கறையைப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளைக்கு அப்பாதான், இதெல்லாம் தெரியாதவர் இல்லை. ஆனால் தெரிவது வேறு, அந்த இடத்தில் நிற்பது வேறு. பஸ்ஸக்கா இல்லை. வாசல் காவலாளியும் ஆண்பிள்ளை. பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பத் தொடங்கிவிட்டன.

“மாமா, நான் வீட்டுக்குப் போகணும்” என்றாள் மைனா. விடுமுறைக்குப் பிறகு அவள் அவரை மாமா என்றது அதுதான் முதல் தடவை.

ஒரு பிள்ளையைத் தனியாக வண்டியில் திருப்பி அழைத்துப் போக அவருக்கு அனுமதி கிடையாது. பொறுப்பாளருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. ஒலி இன்னும் பலத்தது. அவர் யோசிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் காக்கி மேல்கோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார். “இதப் போட்டுக்கம்மா. முட்டி வரைக்கும் மறைக்கும். நேரா டீச்சர்கிட்ட போய்ச் சொல்லு. அவங்க பாத்துப்பாங்க” என்றார்.

அவள் போட்டுக்கொண்டாள். கை நீளம் விரலைத் தாண்டித் தொங்கியது. மழையில், பள்ளியின் முழு முற்றத்தையும் கடந்து, முதுகில் போக்குவரத்துப் பிரிவு என்று பெரிய எழுத்தில் அச்சடித்த கோட்டோடு அவள் நடந்து போனதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல வேளை, நமக்கு அந்தக் கோட்டு ஞாபகம் வந்ததே என்று தன்னையே மெச்சிக்கொண்டார். பிறகு வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய், வாளியில் தண்ணீர் பிடித்து, இருக்கை உறையைக் கழற்றி, யாரும் பார்க்குமுன் தன் கையால் அலசிப் பிழிந்து போட்டார்.

மாலையில் மைனா வண்டிக்கு வரவில்லை. மதியமே அம்மா வந்து கூட்டிப் போய்விட்டதாக ஒரு சின்னப் பையன் சொன்னான். பின்வரிசையில் புதிதாக ஒரு விளையாட்டு. ஒருத்தி வாயால் ஹாரன் அடிப்பாள், மற்றவர்கள், “டிரைவரம்மா வராங்க, வழி விடுங்க” என்பார்கள். தன் கோட்டைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணாடியில் சில்லுவைத் தேடினார். அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பை யாரோ முகத்தில் ஒட்டிவிட்டு எடுக்க மறந்துபோனதுபோல இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசிவிட்டுக் கேட்டாள்.

“ஏன்ப்பா அதக் குடுத்த?”

நீ என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார்.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்றார். மைனா பையில் வைத்திருக்கும் ஸ்வெட்டரையே இடுப்பில் கட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்றாள். பள்ளியில் பாதிப்பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்றாள். அந்தக் கோட்டைப் போட்டு அனுப்பியதால்தான் பள்ளி முழுவதும் திரும்பிப் பார்த்தது என்றாள். மேல்வகுப்புப் பையன்கள்கூட. ஒன்றொன்றாக அவள் எடுத்து வைக்க, அவர் முகம் விழுந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது.

“நான் உள்ள போயி மிஸ்ஸ கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தேன்.”

“போனியா?”

“போறதுக்குள்ள நீதான்...” என்று ஆரம்பித்து முடிக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் உண்மையிலேயே போயிருப்பாளா என்பது அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியுமா என்பதும் தெரியவில்லை.

மறுநாள் மாலை மனைவியைக் கூட்டிக்கொண்டு மைனாவின் வீட்டுக்குப் போனார். மைனாவின் அம்மா கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் கூட்டினார்கள். கோட்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள், கொண்டுவந்து கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தோம் என்று அவர் தடுமாறினார். அவள் தலையசைத்தாள்.

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்கண்ணே” என்றாள். பிறகு அவர்கள் முதுகுக்குப் பின்னால் தெருவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “சில்லு வரலயா?”

படிக்க நிறைய இருக்கிறது என்று மனைவி சொன்னாள். மைனாவின் அம்மா அதற்கும் தலையசைத்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

அவர் போக்குவரத்துப் பொறுப்பாளரிடமும் போனார். பின்வரிசையில் நடப்பதையெல்லாம் சொன்னார். பொறுப்பாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, யார் யார் என்று கேட்டார். மேனேஜரம்மாவின் பெயரைச் சொன்னார். மற்ற இருவரின் பெயரைச் சொன்னார். அங்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

“உங்க பொண்ணும் அங்கதானே உக்காருது?”

ஆமாம் என்று தலையாட்டினார்.

“பாருங்க, எல்லாம் பிள்ளைங்க. நாலு நாள்ல அதுங்களே மறந்துடும். நீங்க ஏன் பெருசு பண்றீங்க?” என்றார் பொறுப்பாளர், குரலில் அக்கறையோடு. கூடவே, இனிமேல் ஓட்டுநர்கள் தங்கள் உடைமை எதையும் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது, இது பொது உத்தரவு, தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

மைனா திரும்பி வரவில்லை. பாதி வருஷத்திலேயே அவள் அம்மா அவளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டாள். அந்த நிறுத்தத்தில் வேறு பிள்ளைகள் யாரும் இல்லாததால் வண்டி அங்கே நிற்பதும் நின்றுபோனது. ஆனாலும் அந்த இடம் வந்தால் அவர் கால் தானாகப் பிரேக்கைத் தொட்டது. வண்டி ஒரு குலுக்கல் குலுக்கும். எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

சில்லுவுக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. அவளை யாரும் ஒதுக்கவில்லை, கேலி செய்யவில்லை. மேனேஜரம்மாவுக்கு அடுத்த இடம் அவளுடையது என்று ஆயிற்று. மதிப்பெண்ணும் குறையவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷப்படுவதா கூடாதா என்பதே அவருக்கு விளங்காத கணக்காக இருந்தது. குளிர்காலம் வந்ததும் அவளும் வளரத் தொடங்கினாள். கை கால் நீண்டது. நடக்கும்போது மேசையில் இடித்துக்கொண்டாள். தம்ளரைக் கீழே போட்டாள். முகத்தில் முதல் பரு வந்தபோது கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். ஒருநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது, மனைவி வாசலிலேயே நிறுத்திக் கிசுகிசுப்பாக விஷயத்தைச் சொன்னாள். நீங்க ஒன்றும் தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம், அவள் கூச்சப்படுகிறாள் என்றாள். அவர் உள்ளே போய், எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், செய்தித்தாளை விரித்து அதற்குள் புகுந்துகொண்டார்.

அதன்பிறகு ஒரு மாலை. மனைவி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சில்லு தண்ணீர் குடிக்க வந்தாள். குடித்தாள். போகவில்லை. தம்ளரைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். அவளுடைய தலை இப்போது அவர் தோளுக்குச் சமமாக வந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

“அப்பா, நான் கெட்டவளா?”

அவர் கை நின்றது. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். எந்த அப்பாவும் உடனே சொல்லிவிடுவார். ஆனால் வெறும் ‘இல்லை’யை இவளிடம் கொடுக்க முடியாது; வாங்கிப் பிரித்துப் பார்ப்பாள், உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டுபிடிப்பாள். ஆமாம் என்பதும் உண்மையில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பயந்தவள் கெட்டவளா? பயந்ததால் இன்னொருத்திக்கு நடந்தது நடக்காமல் போய்விடுமா? பொறுப்பாளர் அறையில் பெயரை விழுங்கிய தன்னை எதில் சேர்ப்பது? நல்லதாக, நாணயமாக, அவளுக்குப் பயன்படும்படி ஒரே ஒரு வாக்கியம் வேண்டும் என்று தேடினார். அகப்படவில்லை. வெங்காயத்தின் காரத்தில் கண்ணில் நீர் கட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி விடுங்க” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். அதற்குள் அறைக்கதவு சாத்தியிருந்தது. “இல்லம்மா” என்றார் கதவிடம். “சில்லு, அப்படியெல்லாம் இல்லம்மா.” உள்ளேயிருந்து பதில் வரவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாளோ, கேட்டும் பேசாமல் இருக்கிறாளோ. இரண்டாம் தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்ல வாயெடுத்தபோது, அது தனக்கே பொய்போல ஒலிக்கத் தொடங்கியிருந்தது. கதவைத் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.